முதலில் காட்டியதா, இப்போது காட்டியதா?

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் எதையும் தானாகத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. கடை அப்பா வைத்துவிட்டுப் போனது. மனைவி அம்மா பார்த்து முடித்துவைத்தது. போட்டிருக்கும் சட்டைகூடத் தையல்காரர் எந்தத் துணியில் கத்தரியை வைத்தாரோ அந்தத் துணிதான். இதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. தேர்ந்தெடுப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் பாடு, உட்காரவைத்துக் கேட்பது தன் பாடு என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனமான ஒரு சோதனைச் சட்டத்தை மாட்டுவார். பிறகு வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, எடுத்து, இன்னொன்றைச் செருகி, "முதல்ல காட்டினதா, இப்ப காட்டினதா? எது தெளிவா இருக்கு?" என்பார். பதில் வந்ததும் திருப்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த ஜோடியை எடுப்பார். அவரிடம் அவசரம் என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை ஒரு லாரி டிரைவர் அந்த நாற்காலியிலேயே குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். எழுந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கண் காட்டப் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தெருவில் பேச்சு. ஆனால் அவர் கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று திரும்பிவந்தவர் யாரும் இல்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. அவருடைய எல்லாச் சங்கடமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மனைவி கடையின் இன்னொரு மூலையில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பவள். கையும் வேகம், வாயும் வேகம். "அவர் டெஸ்ட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவங்க கண்ணுக்கு வயசாகி நம்பர் மாறிடுது" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவளுடைய அம்மா, அதாவது நம் கண்ணாடிக்காரரின் மாமியார், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு பேருந்தும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறது. வீட்டிலும் அவர் அப்படித்தான் பேசுவார். "சாப்பாடு தயார். சாப்பிட வேண்டியவர்கள் உடனடியாக வரவும்" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வரும். மாப்பிள்ளை என்ன சட்டை போடுவது, எப்போது முடி வெட்டுவது, எந்தப் பல்லைப் பிடுங்குவது எல்லாவற்றையும் அந்தக் குரல்தான் முடிவு செய்தது. மாப்பிள்ளைக்கும் அது பெரிய வசதியாக இருந்தது. பிறகு மாமியாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரலை விட்டுவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். விட்டுவிட்டார். அந்தக் குரல் போனதற்கு மகளைவிட மாப்பிள்ளைதான் அதிகம் அழுதார்.

வீட்டாரோடு பேச மாமியாருக்கு ஒரு சிலேட்டு போதுமாக இருந்தது. போதாதது தங்கைக்குத்தான். மாமியாரின் தங்கை எங்கோ தொலைவில் தன் மகன் வீட்டில் இருந்தார். விடுமுறை நாள் காலையில் அவர் ஃபோன் செய்வார். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கை மோதிரத்தால் அதைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. தங்கை எப்படியும் அடுத்தவரைப் பேசவிடுகிற ஆள் இல்லையாதலால் இந்த ஏற்பாடு வெகு நன்றாக நடந்தது. பேருந்து நிலையத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்ததே ஒரு வாக்கியத்தையாவது முழுதாகச் சொல்லி முடிக்கலாம் என்ற ஆசையில்தான் என்று வீட்டில் ஒரு கதை உண்டு.

அப்படி இருக்கும்போது தங்கைக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவருக்கு உயிர் போகிற பயம். பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் ஒரு நிபந்தனை போட்டார்.

"அக்கா வாயால பண்ணிக்கோன்னு சொல்லட்டும். அன்னைக்கே போய்ப் படுத்துக்கறேன்."

அக்கா ரிசீவரில் ஒரு தட்டு தட்டினார்.

"தட்டினா ஆச்சா? தட்டுறது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல ஆளாளுக்குத் தட்டத் தெரியும்."

கடிதம் எழுதினால் தங்கையால் படிக்க முடியாது. மகன்தான் படித்துக் காட்ட வேண்டும். மகனோ ஆபரேஷன் செய்துகொள் என்று நச்சரிப்பவன். "அவனே எழுதி அவனே படிப்பான், எனக்குத் தெரியாதா?" என்றார் தங்கை. நேரில் போகலாம் என்றால், தொண்டையில் துளையோடு அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்படியாக ஒருத்திக்குப் பேச்சு வராமல், இன்னொருத்திக்குப் பார்வை தெரியாமல், நடுவில் ஃபோன் கம்பி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தவள் மனைவி. கடைக்கு வரும் ஒரு கல்லூரி வாத்தியார் தன் பழைய கம்ப்யூட்டரை விற்கப்போவதாகச் சொன்னார். டிவியில் செருகிப் பார்க்கிற சின்ன கம்ப்யூட்டர். கூடவே தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பேச்சுப் பெட்டி. ஒலிகளைச் சரியான வரிசையில் கொடுத்தால் அந்தப் பெட்டி பேசும். மனைவி அன்றைக்கே வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு ப்ரோக்ராம் எழுதணுமாம். நீங்கதான் பொறுமையான ஆளு, நீங்க எழுதுங்க" என்றாள்.

"எந்த மொழியில?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"எந்த மொழியிலயாவது எழுதுங்களேன்."

அவருக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துப்போய் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

சந்தைக்கடை மாடிப்படிக்கு அடியில், கம்ப்யூட்டர் மொழிகளை ஃபிளாப்பி என்ற காந்தத் தட்டுகளில் பதிந்து விற்கும் ஒரு ஃபிளாப்பிக் கடைக்காரர் இருந்தார். கம்ப்யூட்டரை இயக்கினால் அதன் வயிற்றிலிருந்தே பேசிக் என்ற மொழி வருகிறதே, அது எப்படி என்று அவரிடம் விசாரித்தார்.

ஃபிளாப்பிக்காரர் முகத்தைச் சுளித்தார். "அது கூடவே வர்றது சார். கூடவே வர்றதை யாராவது யூஸ் பண்ணுவாங்களா? ஒவ்வொரு வரியா படிச்சு, யோசிச்சு, அப்புறம் செய்யும். ஆமை. இங்க பாருங்க, இது பாஸ்கல். முழுசா வாங்கிக்கும், முழுசா சரிபார்க்கும், கட்டி முடிச்சிட்டுத்தான் வாயைத் திறக்கும். திறந்தா குதிரை."

"அப்ப இதையே குடுங்க."

"எதை சார்? பாஸ்கல்லயே செவப்பு அட்டை இருக்கு, நீல அட்டை இருக்கு. ஒரே மொழிதான், செஞ்ச கம்பெனி வேற. பச்சை அட்டையில 'சி' இருக்கு, அது வேற மொழி. அப்புறம் ஃபோர்த், லிஸ்ப்."

"எது நல்லது?"

"அது உங்க தேவையைப் பொறுத்தது சார்."

கண்ணாடிக்காரர் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் கடையில் அவரே தினமும் சொல்கிற வார்த்தை அது. வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததும் அவர் செய்தது, எல்லா அட்டையிலும் ஒவ்வொன்றை வாங்கியதுதான்.

அன்று தொடங்கியது சோதனை. நியாயமாக நடக்க வேண்டும் என்பதால் எல்லா மொழிக்கும் ஒரே வாக்கியம்: தங்கச்சி, பயப்படாம ஆபரேஷன் பண்ணிக்கோ, நான் கூட இருக்கேன். மாமியாரே சிலேட்டில் எழுதிக் கொடுத்த வாக்கியம். இதை ஒரு மொழியில் எழுதுவார், பெட்டியைப் பேசவைப்பார், கேட்பார். பிறகு அத்தனையையும் துடைத்துவிட்டு அடுத்த மொழியில் எழுதுவார். துடைக்காமல் எழுதினால் முந்தைய மொழியின் வாடை இதில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். வில்லையைத் துடைக்காமல் மாட்டுவாரா?

ஃபோர்த்தில் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் பெட்டி, "இருக்கேன் கூட நான் பண்ணிக்கோ" என்று ஆரம்பித்தது. மாமியார் சிலேட்டில், "இதுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கு" என்று எழுதினார். லிஸ்ப்பில் பார்த்த இடமெல்லாம் அடைப்புக்குறி. ஒன்று எங்கோ மூடாமல் விட்டுப்போனது. அதைத் தேடி ஒரு பகல் முழுக்க, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் டிவித் திரையைத் துழாவினார். சியில் ஏதோ ஒரு சின்னத் தவறு. பெட்டி "தங்" என்று தொடங்கி, அந்த ஒலியிலேயே நின்று, மின்சாரத்தைப் பிடுங்கும்வரை ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாய் உற்சாகமாகப் பதில் சொன்னது.

ஆனால் சில நாள் எல்லாம் சரியாக அமையும். பெட்டி முழு வாக்கியத்தையும் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடும். மாமியாரின் முகம் மலர்ந்து கண் ஃபோன் பக்கம் போகும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, "நல்லா வந்திருக்கு அத்தை. அடுத்ததைப் பார்ப்போம்" என்று துடைத்துவிடுவார்.

மனைவி ஒருநாள் பொங்கிவிட்டாள். "அதான் பேசிடுச்சே! அப்படியே ஃபோனைத் தூக்கிப் பக்கத்துல வைக்க வேண்டியதுதானே?"

"அது சோதனைக்கு எழுதினது."

"அதனால என்ன?"

"சோதனைச் சட்டத்தை மாட்டிக்கிட்டு யாராவது வீட்டுக்குப் போவாங்களா? டெஸ்ட் முடியட்டும். எது சரின்னு தெரியட்டும். அப்புறம் அதுல ஒழுங்கா உட்கார்ந்து எழுதறேன்."

இதுதான் அவர் செய்த தவறு. அவரைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். வேண்டிய ப்ரோக்ராமைத் திரும்பத் திரும்ப எழுதி முடித்துவிட்டு, இன்னும் எழுதவே தொடங்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். குறும்பு இல்லை, சோம்பல் இல்லை. அவருடைய காதில் அந்தப் பழைய பேருந்து நிலையக் குரல் இருந்தது. பெட்டியிலிருந்து எது வந்தாலும் அது அந்தக் குரலாக இல்லை. அடுத்த அட்டையில் இருக்குமோ என்ற ஆசைதான் மனிதரை ஆட்டிவைத்தது.

மனைவி விடவில்லை. நீல அட்டைப் பாஸ்கல் நன்றாகப் பேசிய ஒரு நாள், அவர் துடைப்பதற்குள் ஃபோனைச் சுழற்றி, ரிசீவரைப் பெட்டியின் வாயில் வைத்துவிட்டாள். குதிரை ஓடியது. தங்கச்சிபயப்படாமஆபரேஷன்பண்ணிக்கோநான்கூடஇருக்கேன்.

அந்தப் பக்கம் தங்கை, அதாவது மனைவியின் சித்தி, யாரிடமோ சொல்வது கேட்டது. "ஏதோ டெலிஃபோன் ஆபீஸ் ரெக்கார்டுடா. நம்பரை மாத்தறாங்களாம்." டொக்கென்று வைத்துவிட்டார்.

மாமியார் ரிசீவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரருக்கோ இதில் ஒரு வெற்றி. "பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன். அவசரப்பட்டா இப்படித்தான்" என்று இன்னும் மும்முரமாக இறங்கிவிட்டார்.

இப்போது சோதனை ஜோடி ஜோடியாக நடந்தது. மாமியாரை டிவி முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு மொழியை அடுத்தடுத்துப் பேசவிட்டு, "முதல்ல கேட்டதா அத்தை, இப்ப கேட்டதா?" என்பார். முதலாவது என்றால் மோதிரத்தால் மேசையில் ஒரு தட்டு, இரண்டாவது என்றால் இரண்டு. ஃபோர்த்தும் லிஸ்ப்பும் முதலிலேயே தோற்றுவிட்டன. சிவப்பும் நீலமும் மோதியதில் சிவப்பு வென்றது. நீலமும் பச்சையும் மோதியதில் நீலம் வென்றது. மிச்சம் ஒன்றுதான், சிவப்புக்கும் பச்சைக்கும். பச்சை வென்றது.

"திரும்பக் கேளுங்க அத்தை."

திரும்பவும் பச்சை.

வெற்றி வரிசையில் ஃபிளாப்பிகளை மேசைமேல் அடுக்கிப் பார்த்தார். சிவப்புக்குப் பின்னால் நீலம், நீலத்துக்குப் பின்னால் பச்சை, பச்சைக்குப் பின்னால் மறுபடி சிவப்பு. சாப்பாட்டு மேசை வட்டம். ஃபிளாப்பிகள் விளிம்பை ஒட்டிச் சுற்றி வந்தன. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று சொல்ல முடியவில்லை. அந்த வரிசை கலையக்கூடாது என்பதால் வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமியார் சிலேட்டில், "எதுவா இருந்தா என்ன மாப்பிள்ளை?" என்று எழுதிக் காட்டினார்.

"களைப்பா இருக்கீங்க அத்தை. நாளைக்குப் பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளை.

அந்த நாட்களில்தான் சித்தி மகன் கடைக்கு ஃபோன் செய்தான். கண்ணாடிக்காரரே எடுத்தார். "மாமா, டாக்டர் திட்டறாரு. அடுத்த வாரம் விட்டா அவருக்கும் உத்தரவாதம் இல்லையாம். அம்மாவுக்கு இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. நேத்து என் முகத்தைத் தடவிப் பார்த்துட்டு, இளைச்சிட்டியாடான்னு கேட்டாங்க."

கண்ணாடிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முற்றிப்போன புரை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்திருக்கிறார். கருவிழி இருக்கிற இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும். அப்படி வந்தவர்களிடம், "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். ரிசீவரை வைத்தபிறகு அதே கேள்வி அவருடைய குரலிலேயே அவர் காதில் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியில் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஒரு வில்லையைக் காட்டி, "இது போதும், எழுந்திரிங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஆள் பயந்துபோய்த் தெருவில் நின்று கடையைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடுமுறை. தங்கையின் ஃபோன் வரும் நாள். இன்றைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அப்படியும் கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் அவருக்கு யோசனை ஓடும். கடையைத் திறந்து, கழன்று கிடந்த சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பா, நீலமா, பச்சையா என்று யோசித்தபடியே திருகாணி ஒன்றைத் தவறவிட்டார். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி எறும்பின் தலை அளவுதான் இருக்கும். தரையில் விழுந்தால் லாடக் காந்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். காந்தம் இருக்கிற டப்பாவைத் திறந்தார். பெரியது இல்லை, சிறியது இல்லை, அப்பா காலத்துக் கறுப்புக் காந்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நடுவில் தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

ஃபிரிட்ஜ் கதவில் அவருடைய காந்தங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு காந்தத்துக்கும் அடியில் ஒரு ஃபிளாப்பி. சிவப்பு, நீலம், பச்சை, ஃபோர்த், லிஸ்ப், எல்லாம் ஒரு கோடு போட்டதுபோல நேராக, அழகாகத் தொங்கின. அப்பாவின் கறுப்புக் காந்தம் நீல அட்டைமேல் இருந்தது.

ஃபிளாப்பி அருகில் காந்தம் வரக்கூடாது, வந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உறைக்கு உறை, காந்தத்தின் படம் போட்டு, அதன்மேல் பெரிதாக ஒரு கோடு அடித்திருப்பார்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்காக அந்தப் படம். மாமியாரோ அச்சிட்ட எதையும் விடாமல் படிக்கிறவர், மருந்து டப்பாவின் அடியில் இருப்பதைக்கூட.

"அத்தை, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் மாப்பிள்ளை.

மாமியார் மேசையில் இரண்டு தட்டு தட்டினார். முகம் பால் மாதிரி இருந்தது.

"மேசையை ஒழிச்சாங்க பாவம். எங்க வைக்கிறதுன்னு தெரியாம அங்க மாட்டியிருப்பாங்க" என்றாள் மனைவி. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியதா இல்லையா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு ஃபிளாப்பியாக எடுத்துச் செருகிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வெறுமையாகக் கரகரத்தது. கடைசியில் எதையும் செருகாமல் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். அதுபாட்டுக்கு எழுந்து, தன் வயிற்றிலிருந்த பேசிக்கைக் காட்டி, கேளுங்கள் என்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. கூடவே வருவது. அதை ஃபிரிட்ஜில் மாட்ட முடியாது. முதல் நாளே ஆமை என்று ஒதுக்கப்பட்டது, இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மாமியார் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். சிலேட்டை நீட்டவில்லை. தட்டச்சுப் பலகையை விரலால் சுட்டினார்.

அவர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். இத்தனை மொழியில் எழுதியதில் வாக்கியமும் ஒலிகளும் அவருக்குத் தண்ணீர்பட்டபாடு. ஆனால் ஆமை ஆமைதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒலிகளைத் தேடிப்போய் எடுத்து வந்து கோத்துத்தான் வாயைத் திறந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வில்லையைத் துடைத்து உறையில் போட்டுவிடலாம். "இது ஆகாது, இதை யாரு நின்னு கேப்பாங்க?" என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

மாமியார் ரிசீவரை எடுத்துப் பேச்சுப் பெட்டியின் வாயில் வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் பொத்தானை அழுத்தினார்.

"தங்கச்சி" என்றது பெட்டி. பிறகு தேடப் போய்விட்டது.

"யாருது?" என்றார் சித்தி. "ஹலோ? யாருப்பா பேசறது? தங்கச்சியாம்ல. எனக்கு எந்த அண்ணனும் கிடையாது. நம்பரைப் பார்த்துப் போடுங்க."

"பயப்படாம."

"யாரு பயப்படறா? நான் பயப்படறேன்னு உங்கிட்ட யாரு சொன்னா? என் மகன் சொன்னானா? அவனுக்கு வேற வேலை என்ன. நான் எதுக்குப் பயப்படணும், ஊரு உலகத்துல பண்ணாத ஆபரேஷனா?"

"ஆபரேஷன்."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கண்ணாடிக்காரர் சித்தி ஃபோனை வைத்துவிட்டார் என்றே நினைத்தார். பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா?" என்றார் சித்தி. குரல் சின்னதாகிவிட்டது. "அக்கா, நீயா? நீதான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம இருக்கிறதுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? என் மகன்கூட ஒரு வார்த்தை முழுசா பேச விடமாட்டேங்கறான் அக்கா. எல்லாரும் வேகவேகமா வந்து படுத்துக்கோ படுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்குப் பயமா இருக்கு. கண்ணுல கத்தி வைப்பாங்களாம். முழிச்சிட்டே இருக்கணுமாம். அப்பா செத்தப்போ விளக்கை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு."

ஆமை பொறுமையாகத் தேடியது. சித்தி சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகுதான் பெட்டி பேசியது.

"பண்ணிக்கோ."

"சரிக்கா."

"நான்."

"சொல்லு."

"கூட."

இந்த முறை சித்தி பேசவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மனைவி சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பி, புடவை முனையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இருக்கேன்" என்றது பெட்டி.

மாமியார் ரிசீவரை எடுத்து மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினார். கண்ணாடிக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தபடி, எல்லோருக்கும் தெரியும்படி அழுதார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கண் ஆறியபிறகு சித்தியே கிளம்பி வந்தார். வந்தவர் போவதாகச் சொல்லவில்லை. பகலெல்லாம் அக்காவும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். மாமியார் இதற்குள் தானே அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். காலை காபிக்குப் பிறகு ஒரு வாக்கியத்தை ஓடவிடுவார். அதன் இடைவெளிகளில் சித்தி தன் மகன், மருமகள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எல்லோருடைய கதையையும் சொல்லி முடிப்பார். மத்தியானம் வாக்கியம் முடியும்போது அது எதைப் பற்றித் தொடங்கியது என்று இருவருக்குமே நினைவிருக்காது. அதனால் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஃபிளாப்பிக்காரர் கடைக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்களுக்காகவே வந்த மாதிரி ஒண்ணு வந்திருக்கு. அதே பேசிக்தான். ஒரு எழுத்து மாத்த வேண்டாம். உங்க ப்ரோக்ராமை அப்படியே போடுங்க, பறக்கும். இடைவெளியே தெரியாது."

கண்ணாடிக்காரரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மஞ்சள் அட்டை. உறை மணத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இடைவெளியே தெரியாது. ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தால் என்ன? முதலில் காட்டியதா, இப்போது காட்டியதா என்று ஒரே ஒரு கேள்வி. அந்தப் பழைய குரல் ஒருவேளை இதில் இருந்துவிட்டால்?

உள்ளே நுழைந்தார். பெட்டி "நேத்து" என்று சொல்லிவிட்டுத் தேடப் போயிருந்தது. சித்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் மோவாயைக் கையில் தாங்கி, கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜ் பக்கம் போனார். அப்பாவின் கறுப்புக் காந்தம் இன்னும் கதவில்தான் இருந்தது, அதைக் கடைக்கு எடுத்துப்போக அவருக்கு மனம் வந்திருக்கவில்லை. மஞ்சள் ஃபிளாப்பியை உறையிலிருந்து உருவி, கதவில் வைத்து, காந்தத்தை அதன் நட்டநடுவில் பதித்தார். கோணலாக இருப்பதுபோல் தோன்றியது. நேராக்கினார்.

அவருக்குப் பின்னால் மேசையில் ஒரு தட்டு கேட்டது.